குளிசை ஒழுங்காக எடுத்தும் அண்ணனுக்குக் காசநோய் ஏன் வந்தது?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உங்கள் அண்ணனுக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது. ஒன்றரை வருடமாகக் குளிசை எடுக்கிறார். கடைசி இரத்தப் பரிசோதனையில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது, சிடி4 (எதிர்ப்புச் சக்தியை நடத்தும் ஒரு வகை வெள்ளைக் கலங்கள்) எண்ணிக்கை 430. எல்லாம் நல்லபடி போகிறது என்று இருந்த நேரத்தில் ஒரு மாதத்துக்கு மேலாக இருமல், பின்னேரமானால் காய்ச்சல், உடம்பு மெலிவு. முதல் சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு மட்டக்களப்பில் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் திரும்பவும் பார்த்தபோது காசநோய் என்று உறுதியாகிவிட்டது. இரத்தத்தில் வைரஸ் இல்லை என்றால் சுவாசப்பையில் மட்டும் எதிர்ப்புச் சக்தி எப்படிக் குறைந்தது என்பது உங்கள் கேள்வி. கடைசியில், அண்ணன் உண்மையாகவே மருந்து எடுத்தாரா என்று வீட்டில் ஒரு சந்தேகம் ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் மனம் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆகவே அதற்கு முதலில் பதில். வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாதபடி இருக்கிறது என்றால் அவர் குளிசை எடுக்கிறார். எடுக்காத ஒருவரின் இரத்தம் பெரும்பாலும் அப்படி இராது. குளிசையை நிறுத்தினால் சில கிழமையில் வைரஸ் திரும்ப ஏறிவிடும். அண்ணனைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். அவருக்கு எப்படித் தொற்றியது என்று நீங்கள் எழுதவில்லை, இந்தக் கேள்விக்கு அது தேவையும் இல்லை.

நான் மார்பு நோய்ப் பிரிவில் பல காலம் வேலை செய்கிறவன். காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வந்த நோயாளிகளைக் கிழக்கில் பார்த்திருக்கிறேன், ஆனால் ஆபிரிக்க நாடுகளில் பார்ப்பதுபோல் தினமும் பார்ப்பவன் இல்லை. இலங்கையில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. ஆகவே கலங்களின் மட்டத்தில் நடப்பதைப் பற்றிக் கீழே சொல்வது பெரும்பாலும் மலாவி, தென்னாபிரிக்கா, அமெரிக்கா போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகளைப் படித்து அறிந்தது. உங்கள் அண்ணனின் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுவாசப்பையின் நிலைமை உடம்பின் மற்ற உறுப்புகளுக்கு இல்லாத ஒன்று. கோடிக்கணக்கான சிற்றறைகள், அவற்றின் சுவர்களை விரித்துப் போட்டால் ஐம்பது முதல் எழுபது சதுர மீற்றர் வரை வரும், அவ்வளவும் வெளிக்காற்றுக்குத் திறந்தபடி. சூடடிக்கும் காலத்து நெல் தூசி, அடுப்புப் புகை, பக்கத்தில் நிற்பவரின் இருமல் எல்லாம் உள்ளே போகும். இதற்கெல்லாம் ஒவ்வொரு முறையும் அழற்சி கிளம்பினால் சுவாசிக்க இடமே இராது. அதனால் சிற்றறைகளுக்குள் ஒரு வகைப் பெருவிழுங்கிக் கலங்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. புகைக்காத, சுகமாக உள்ள ஒருவரின் சுவாசப்பைக்குள் கொஞ்சம் உப்பு நீரை விட்டு உறிஞ்சி எடுத்துப் பார்த்தால், அதில் வருகிற கலங்களில் பெரும்பகுதி இவைதான். வந்ததை விழுங்குவதும் சத்தம் போடாமல் செரிப்பதும் இவற்றின் வேலை. எலிகளில் பார்த்தபோது, இவற்றில் பல கருவில் இருந்த காலத்திலேயே வந்து குடியேறிய கலங்களின் வழி வந்தவை. இரத்தத்திலிருந்து புதிதாக வந்து சேருவதை அதிகம் நம்பியிராமல், அங்கேயே பிரிந்து பெருகித் தங்கள் தொகையைக் காத்துக்கொள்கின்றன.

காசநோய்க் கிருமி இந்த ஏற்பாட்டைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும். விழுங்கிய கலத்துக்குள்ளேயே சாகாமல் உட்கார்ந்து பெருகும். அப்போது பெருவிழுங்கி தனியே ஒன்றும் செய்ய முடியாது, சிடி4 கலம் வந்து இன்டர்பெரோன் காமா என்ற சுரப்பைக் கொடுத்து அதை உசுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே அமிலம் கூடி, கிருமி அடங்கும். அடங்காத மிச்சத்தைச் சுற்றிப் பெருவிழுங்கிகளும் நிணநீர்க் கலங்களும் ஒன்றுசேர்ந்து ஒரு கட்டி போல அமைத்து அடைத்துவைக்கும். அந்தக் கட்டி சிதையாமல் இருப்பதற்கு டீ.என்.எஃப். என்ற இன்னொரு சுரப்பு தொடர்ந்து தேவை. நம்மில் பலர் இப்படி அடைத்துவைத்த கிருமியோடு எந்த வருத்தமும் இல்லாமல் சாகும்வரை வாழ்ந்துவிடுகிறோம்.

சுவாசப்பையில் இந்த வேலையைச் செய்யும் சிடி4 கலங்களில் பல அங்கேயே தங்கிவிடுபவை, இரத்தத்தோடு சுற்றுவதில்லை. உங்கள் அண்ணனின் 430 என்ற எண் கையில் குத்தி எடுத்த இரத்தத்தில் எண்ணியது. கல்லடிப் பாலத்தில் நின்று போகிற வருகிற வாகனங்களை எண்ணிவிட்டு, காத்தான்குடியில் இன்று எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்று சொல்வதைப் போன்ற கணக்கு அது. தொடர்பு இல்லாமல் இல்லை, ஆனால் அதை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது. அந்த எண் பயனற்றது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த நோய் எப்போது வரக்கூடும் என்று கணிக்க நம்மிடம் இருக்கிற மிக நல்ல கருவி அதுதான். சுவாசப்பைக்குள் நடப்பதில் ஒரு பகுதியை அது காட்டாது, அவ்வளவே.

சரி, வைரஸ் என்ன செய்கிறது? தொற்றிய முதல் கிழமைகளிலேயே அது சுவாசப்பையை அடைந்துவிடுகிறது. சிடி4 கலங்களை அழிப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. பெருவிழுங்கிகளுக்குள்ளும் அது புகும் என்பது அவ்வளவு பேசப்படுவதில்லை. அந்தக் கலங்களின் மேற்பரப்பிலும் வைரஸ் ஒட்டிக்கொள்ளத் தேவையான சிடி4 ஏற்பியும் சிசிஆர்5 ஏற்பியும் உண்டு. சிடி4 கலம் தொற்றினால் சீக்கிரம் செத்துப்போகும். பெருவிழுங்கி அப்படியில்லை, வைரஸை உள்ளே வைத்துக்கொண்டே நீண்ட நாள் உயிரோடு இருக்கும். மலாவியில் செய்த ஆய்வொன்றில், சிற்றறைப் பெருவிழுங்கிகளில் அளவில் சிறியவையே அதிகமாகத் தொற்றுக்குள்ளாகின்றன என்றும், தொற்றியவற்றின் விழுங்கும் திறன் குறைந்துபோகிறது என்றும் கண்டார்கள். எல்லாப் பெருவிழுங்கிகளும் தொற்றிவிடுவதில்லை. பெரும்பாலானவை வைரஸ் இல்லாமல்தான் இருக்கின்றன. ஆனால் சூழல் மாறிவிட்டதால் அவற்றின் நடத்தையிலும் மாற்றம் தெரிகிறது. காசநோய்க் கிருமியை விழுங்கிய பெருவிழுங்கி சாதாரணமாகத் தன்னையே ஒழுங்காக அழித்துக்கொண்டு கிருமிக்கு இடம் இல்லாமல் செய்யும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் பெருவிழுங்கிகளில் இந்தத் தற்கொலை குறைகிறது, டீ.என்.எஃப். சுரப்பும் குறைகிறது. கிருமிக்கு வீடு நிலைத்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட கண்டுபிடிப்பு ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவதும் இதுதான். சிடி4 கலங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் அழிவதில்லை. ஒவ்வொரு சிடி4 கலமும் ஒரு குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காண்பது. அவற்றில் காசநோய்க் கிருமியை அறிந்தவை முன்னாலேயே போய்விடுகின்றன. தான்சானியாவில் தொற்றுக்கு முன்பும் பின்பும் ஒரே ஆட்களின் இரத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, தொற்றிய சில மாதங்களுக்குள்ளேயே அந்தக் கலங்கள் சரிந்திருந்தன. சைட்டோமெகலோ வைரஸை (பலரின் உடம்பில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும் வேறொரு வைரஸ்) அறிந்த கலங்களோ பெரிதாகக் குறையவில்லை. காரணத்தைத் தேடியபோது ஒரு அழகான விளக்கம் கிடைத்தது. சைட்டோமெகலோ வைரஸை அறிந்த கலங்கள் தாங்களே ஒரு சுரப்பை வெளிவிடுகின்றன, அது போய் சிசிஆர்5 ஏற்பியில் உட்கார்ந்து எச்.ஐ.வி. நுழையும் வழியை அடைத்துவிடுகிறது. காசநோயை அறிந்த கலங்கள் அந்தச் சுரப்பை மிகக் குறைவாகவே விடுகின்றன. மறுபக்கம், தம்மைப் பெருக்கிக்கொள்ளும் இன்டர்லூக்கின்-2 ஐ அதிகம் சுரக்கின்றன. பெருகிக்கொண்டிருக்கும் கலம் எச்.ஐ.வி.க்கு மிகவும் வசதியான இடம். ஆகவே மொத்த எண்ணிக்கை 600 என்றோ 700 என்றோ நல்லபடி காட்டும்போதே காசநோய்க்கு எதிரான பகுதி வெறுமையாகியிருக்கக்கூடும். மலாவியிலும் தென்னாபிரிக்காவிலும் சுவாசப்பைக் கழுவல் நீரைப் பரிசோதித்தவர்களும், காசநோய்க் குடும்பக் கிருமிகளை அறிந்த சிடி4 கலங்களின் வேலை அங்கே குறைந்திருப்பதைக் கண்டார்கள்.

இதை நோயாளிகளின் கணக்கும் ஒத்துச் சொல்கிறது. தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2005 இல் வெளியானது. எச்.ஐ.வி. தொற்றிய முதல் வருடத்துக்குள்ளேயே காசநோய் வருவது இரு மடங்காகியிருந்தது. முதல் வருடத்தில் பெரும்பாலானோரின் சிடி4 இன்னும் நல்ல நிலையில் இருக்கும் காலம் அது. மருந்து எடுக்காமல் விட்டால், அடைத்துவைத்த கிருமி விழித்துக்கொள்ளும் ஆபத்து எச்.ஐ.வி. இல்லாதவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் 5 முதல் 10 வீதம், எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ அதே அளவு.

சிடி4 குறையும்போது சுவாசப்பை கலங்கள் இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. தொற்றின் முதல் காலத்தில் சிடி8 என்ற வகைக் கலங்கள் சிற்றறைகளுக்குள் கூட்டமாக வந்து நிறைகின்றன. அவற்றில் பல எச்.ஐ.வி.யைத் தேடி வந்தவை. இதனால் சிலருக்கு வறட்டு இருமலும் மூச்சு வாங்குதலும்கூட இருக்கும். ஆட்கள் நிறைய, ஆனால் காசநோய்க்கு வேண்டிய ஆட்கள் இல்லை. அதோடு நாட்பட்ட அழற்சியில் இந்தக் கலங்கள் களைத்துவிடுகின்றன, கிருமி எதிரில் நின்றாலும் சுரக்க வேண்டியதைச் சுரப்பதில்லை.

இனி முதல் சளிப் பரிசோதனை ஏன் தவறியது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அதுவும் இந்தக் கதையின் ஒரு துண்டுதான். சாதாரணக் காசநோயில் சுவாசப்பையின் மேல் பகுதியில் குழி விழும். அந்தக் குழியைத் தோண்டுவதில் கிருமிக்கு உள்ள பங்கைப் போல நம்முடைய எதிர்ப்பு வினைக்கும் பெரிய பங்கு உண்டு. குழிக்குள் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகிச் சளியோடு வெளியே வரும், நுணுக்குக்காட்டியில் லேசாகத் தெரியும். எதிர்ப்பு வினை மந்தமானால் கட்டி சரியாக அமையாது, குழியும் விழாது. நோய் சுவாசப்பையின் கீழ்ப் பகுதியிலோ நிணநீர் முடிச்சுகளிலோ பரவும், சிலரின் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும், சளியிலும் கிருமி குறைவு. நுணுக்குக்காட்டியில் பிடிபட வேண்டுமானால் ஒரு மில்லிலீற்றர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது வேண்டும். ஜீன்எக்ஸ்பேர்ட் போன்ற மரபணுப் பரிசோதனைக்கு நூற்றுச் சொச்சம் போதும். அதனால்தான் எச்.ஐ.வி. உள்ளவருக்கு முதல் சளி நெகட்டிவ் என்றதும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்று நாங்கள் அடித்துச் சொல்வது. உங்கள் அண்ணன் திரும்பிப் போனது மிக நல்ல காரியம்.

காசநோயை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் படம் முழுமையாகாது. சிடி4 எந்த அளவில் இருந்தாலும் நியூமோகொக்கஸ் கிருமியால் வரும் சாதாரண நிமோனியா எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதிகம். காரணம் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் பி கலங்களிலும் கோளாறு. இரத்தத்தில் பிறபொருளெதிரி மொத்தமாகப் பார்த்தால் கூடித்தான் இருக்கும், ஆனால் வேண்டிய கிருமியை வேண்டிய இடத்தில் பிடித்துக் கொடுப்பவை குறைவு. சிடி4 200 க்குக் கீழே போனபிறகு வருவது நியூமோசிஸ்டிஸ் என்ற பங்கசு நிமோனியா. 1981 ஜூன் 5 ஆம் திகதி அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் லொஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு இந்த அபூர்வ நிமோனியா வந்திருப்பதாக ஒரு சிறு அறிக்கை வெளியிட்டது. உலகம் எயிட்ஸை அறிந்தது அப்படித்தான், ஒரு சுவாசப்பை நோயின் வழியாக. அந்த நிமோனியாவில் மூச்சு முட்டவைப்பதில் பங்கசுக்கு உள்ளதைப்போல அதை எதிர்த்துக் கிளம்பும் அழற்சிக்கும் பங்கு இருக்கிறது. அதனால் ஒட்சிசன் குறைந்த நோயாளிக்குக் கிருமிக்கான மருந்தோடு ஸ்டெராய்டும் சேர்த்துக் கொடுக்கிறோம். எதிர்ப்புச் சக்தி குறைந்த ஆளுக்கு அதை இன்னும் அடக்கும் மருந்தா என்று உறவினர்கள் கேட்பதுண்டு, நியாயமான கேள்விதான். உங்கள் அண்ணனின் 430 க்கு இந்த நோய் பற்றிப் பயப்படத் தேவையில்லை.

அப்படியானால் எச்.ஐ.வி. மருந்து வேலை செய்யவில்லையா என்று கேட்கத் தோன்றும். வேலை செய்கிறது, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012 இல் பார்த்தபோது, எச்.ஐ.வி. மருந்து எடுப்பதால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 65 வீதம் குறைந்திருந்தது, சிடி4 எந்த மட்டத்தில் தொடங்கினாலும். குறைந்தது, இல்லாமல் போகவில்லை. தென்னாபிரிக்காவில் பல வருடம் மருந்து எடுத்து சிடி4 700 ஐத் தாண்டியவர்களிடம்கூட, அதே ஊரில் எச்.ஐ.வி. இல்லாதவர்களைவிடக் காசநோய் கூடுதலாகவே இருந்தது. எண்ணிக்கை திரும்பி வந்தாலும், அழிந்துபோன காசநோய் அறிந்த கலங்கள் அதே வகையில், அதே அளவில் திரும்பி வராமல் போகலாம் என்பது இதற்கான வலுவான விளக்கம். மருந்து தொடங்குவதற்கு முன் சிடி4 எவ்வளவு கீழே போயிருந்தது என்பது இங்கே முக்கியம். 80 வரை விழுந்து 430 க்கு ஏறியவரும், 350 இலிருந்து 430 க்கு ஏறியவரும் ஒரே நிலையில் இல்லை. அண்ணனின் பழைய அறிக்கையில் அந்த எண் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இதுவரை சொன்னதில் பெரும்பகுதி. இன்னும் தகராறில் இருப்பவையும் உண்டு. இரத்தத்தில் வைரஸ் அடங்கியவர்களின் சிற்றறைப் பெருவிழுங்கிகளிலும் எச்.ஐ.வி.யின் மரபணு கிடைக்கிறது, இது பலமுறை காட்டப்பட்டது. அது உயிருள்ள, திரும்பப் பெருகக்கூடிய வைரஸா, அல்லது செத்துப்போன சிடி4 கலத்தைப் பெருவிழுங்கி விழுங்கியதால் வந்த மிச்சமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இன்னொன்று, குடலில் சிடி4 கலங்கள் முதல் கிழமைகளிலேயே பெருமளவு அழிகின்றன என்பது நிச்சயம், சுவாசப்பையில் அதே அளவுக்கு அழிகின்றனவா என்பதில் முடிவுகள் முரண்பட்டன. காற்றுப் பக்கம் உள்ள கலங்கள் ஓரளவு தப்புகின்றன, சிற்றறைச் சுவரின் இழையத்துக்குள் இருப்பவை அதிகம் இழக்கப்படுகின்றன என்று பிந்திய சில ஆய்வுகள் காட்டுகின்றன. கழுவல் நீரில் வருவது முதல் வகைதான், ஆகவே அதை மட்டும் பார்த்தவர்கள் இழப்பைக் குறைத்து மதிப்பிட்டிருக்கலாம். இது சரியாக இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

குரங்குகளில் நடந்த சோதனைகள் இன்னும் குழப்பமானவை, இன்னும் சுவையானவை. எஸ்.ஐ.வி. என்பது குரங்குகளின் எதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ். உறங்கும் காசநோய் உள்ள மக்காக் குரங்குகளுக்கு அதைச் செலுத்தினால் பலவற்றில் காசநோய் விழித்துக்கொள்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. சுவாசப்பையில் சிடி4 கலங்கள் கடுமையாகக் குறைந்தும் சில குரங்குகள் கிருமியை அடக்கியே வைத்திருந்தன, அவற்றில் சிடி8 கலங்களும் பி கலங்களும் நன்றாகச் செயல்பட்டன. வைரஸ் இல்லாமல் சிடி4 ஐ மட்டும் மருந்தால் குறைத்துப் பார்த்தபோது, வைரஸ் செய்த அளவுக்கு நோய் விழிக்கவில்லை. அப்படியானால் சிடி4 இழப்பு மட்டும் குற்றவாளி இல்லை, வைரஸ் கிளப்பிவிடும் நாட்பட்ட அழற்சிக்கும் பங்குண்டு. மனிதர்களிலும் இது அப்படியேதானா என்று குரங்கை வைத்துத் தீர்மானிக்க முடியாது. இருந்தும் 430 என்ற ஒரு எண்ணால் ஏன் முழுக் கதையையும் சொல்ல முடியவில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதங்களுக்குள் காசநோய் திடீரென்று வெளிப்படுவது வேறு ஒரு நிகழ்வு. எதிர்ப்புச் சக்தி திரும்பி வரும்போது ஏற்கெனவே ஒளிந்திருந்த நோய்க்கு எதிராக அழற்சி பொங்குவதால் வருவது. அண்ணனுக்கு ஒன்றரை வருடம் ஆகிவிட்டதால் அது பொருந்தவில்லை.

நமது பக்கத்துக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் காசநோய் போலவே எக்ஸ்ரேயில் தோன்றும் இன்னொரு வருத்தம் இருக்கிறது, மெலியோய்டோசிஸ். வயல் மண்ணிலும் நீரிலும் வாழும் பற்றீரியா, மாரி காலத்தில் கூடும், நெற்செய்கைக்காரருக்கு வரும். காசநோய் மருந்து அதற்கு வேலை செய்யாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத்தானே இதுவும் அதிகம் வரும் என்று நினைப்பீர்கள். தாய்லாந்தில் பார்த்தபோது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மெலியோய்டோசிஸ் கூடுதலாக வரவில்லை. அதன் பெரிய கூட்டாளி சீனி வருத்தம், நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கும். அதே நீரிழிவு காசநோயின் ஆபத்தையும் இரண்டு மூன்று மடங்காக்கும். ஆகவே "எதிர்ப்புச் சக்தி" என்று ஒற்றைச் சொல்லில் பேசுவது எங்களுக்கே வசதியாக இருந்தாலும், எந்தக் கிருமிக்கு எதிராக எந்தக் கலம் என்று கேட்டால்தான் விளங்கும். அண்ணனின் காசநோய் மரபணுப் பரிசோதனையில் உறுதியானது என்றால் இந்தச் சந்தேகம் தேவையில்லை. உறுதியாகாமல் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து மருந்து தொடங்கியிருந்து, ஒரு மாதத்தில் காய்ச்சல் விடாமல் இருந்தால், சளியை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரத்தச் சீனியும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஆனால் இப்போது மிக அவசரமான ஒன்று. காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் என்ற மருந்து ஈரலைத் தூண்டி வேறு பல மருந்துகளை வேகமாக உடைத்துவிடும். அண்ணன் எடுக்கும் எச்.ஐ.வி. குளிசையில் டோலுடெகிராவிர் இருந்தால், காசநோய்ச் சிகிச்சை நடக்கும் காலத்திலும் அது முடிந்து இரண்டு கிழமை வரையும் டோலுடெகிராவிரைப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை எடுக்க வேண்டி வரும். இதை அவராகக் கூட்டிக்கொள்ளக் கூடாது. எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கும் இரண்டு பக்கத்து மருந்துப் பட்டியலும் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் யாராவது கண்டுவிடுவார்கள் என்று ஒரு கிளினிக்கை மட்டக்களப்பிலும் மற்றதைக் கொழும்பிலும் வைத்துக்கொண்டு, ஒன்றில் மற்றதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த இரண்டு மருந்து விஷயத்தில் அது உயிரோடு விளையாடுவது. எந்தக் காரணம் கொண்டும் எச்.ஐ.வி. குளிசையை நிறுத்தவும் வேண்டாம்.

எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய காலத்தில் அவருக்குக் காசநோய்த் தடுப்பு மருந்து, அதாவது ஐசோனியாசிட் ஆறு மாதமோ, கிழமைக்கு ஒருமுறையாகப் பன்னிரண்டு கிழமை எடுக்கும் முறையோ, கொடுக்கப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். ஐவரி கோஸ்டில் நடந்த பெரிய ஆய்வில், எச்.ஐ.வி. மருந்தோடு ஆறு மாத ஐசோனியாசிடும் எடுத்தவர்களிடம் இறப்பு குறைந்தது நீண்ட காலம் கழித்தும் தெரிந்தது. இப்போது நோயே வந்துவிட்டதால் முழுச் சிகிச்சைதான் வேண்டும். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம், இலவசம், பாதியில் விடக் கூடாது. அண்ணன் புகைப்பவரா என்றும் நீங்கள் எழுதவில்லை. டென்மார்க்கில் 2013 இல் வந்த கணக்கொன்றின்படி, நல்ல சிகிச்சை கிடைக்கும் எச்.ஐ.வி. நோயாளி ஒருவர் வைரஸால் இழக்கும் ஆயுள் ஏறத்தாழ 5 வருடம், சிகரெட்டால் இழப்பது 12 வருடம். புகைப்பழக்கம் சிற்றறைப் பெருவிழுங்கிகளையும் கெடுக்கிறது, ஆகவே இரண்டும் ஒரே இடத்தில் அடிக்கின்றன.

உங்கள் வீட்டில் அண்ணனோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் எல்லாரும் பரிசோதிக்கப்பட வேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களை முதலில் கொண்டுபோங்கள். பிறந்தவுடன் போட்ட பீ.சி.ஜி. ஊசி குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கும், வரவே வராது என்று உத்தரவாதம் தராது. சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு கிழமை அண்ணன் தனி அறையில், சன்னல் திறந்து, முகக்கவசத்தோடு இருக்கட்டும். வீட்டாரைப் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் காசநோய்க்காகத்தான் வருகிறார், அவரிடம் அண்ணனின் எச்.ஐ.வி. பற்றி நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை.